திருடத் தகுந்த பிள்ளையார்

குற்றம் கையில் இல்லை, மனத்தில் இருக்கிறது. மனிதகுலம் பல நூற்றாண்டுகள் ரத்தம் சிந்திக் கண்டடைந்த பேருண்மை இது. கை வெறும் கருவி, எண்ணமே எஜமான். எண்ணம் தூய்மையாக இருந்தால் கத்தி பிடித்தவனும் நிரபராதி. எண்ணம் கெட்டுவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவனும் குற்றவாளி.

வழக்கறிஞர் ராமசுப்பிரமணியன் இதைச் சொல்லி முடித்தபோது, கூத்தையாவுக்கென்று வாங்கி வைத்திருந்த உளுந்தவடையை அவருடைய கை எடுத்து அவருடைய வாயில் போட்டிருந்தது. அதில் அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பேச்சு சுவாரசியத்தில் தட்டு மாறிவிட்டது, அவ்வளவுதான். வடை போன திசையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கூத்தையா டீயைக் குடித்தான்.

"இப்பப் புரிஞ்சுதா?" என்றார் வழக்கறிஞர், கூத்தையாவின் மனைவி ராக்குவைப் பார்த்து. வழக்கு அவள் மேல்தான்.

"புரிஞ்சுச்சு சார். மனசு இருந்தாத்தான் திருட்டு."

"அதேதான்."

"எனக்கு இருந்துச்சு."

ராமசுப்பிரமணியன் வாயைத் துடைத்துக்கொண்டார். "இல்ல ராக்கு. ஒனக்கு அந்த மனசு இல்ல."

"எம் மனசு ஒங்களுக்கு எப்பிடி சார் தெரியும்?"

"எனக்குத் தெரியாது. போலீசுக்குத் தெரியாது. ஜட்ஜுக்கும் தெரியாது. அதுலதாம்மா எங்க பொழப்பு ஓடுது. நீ பேசாம இரு, ஒம் மனசுல என்ன இருந்துச்சுன்னு நான் சொல்றேன்."

"நான் பேசாம இருந்தா அது திருட்டு இல்லன்னு ஆக்கிருவீகளே. அதுக்கா கிளம்பி வந்தோம்?" என்று எழுந்து சேலைத் தலைப்பை உதறினாள் ராக்கு.

ராமநாதபுரம் நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் எத்தனையோ வருடமாக அறை வைத்திருக்கும் ராமசுப்பிரமணியன், தான் குற்றவாளி என்று நிரூபிக்கச் சொல்லி வழக்கறிஞர் வைக்கும் கட்சிக்காரரை அன்றுதான் பார்த்தார்.

விவகாரம் ஒரு பிள்ளையாரைப் பற்றியது.

சிக்கல் என்ற ஊருக்குத் தெற்கே கருங்கண்மாய் என்று ஒரு சின்ன ஊர். மிளகாய்க் காட்டு வேலையும் நெல் வேலையும் மாறி மாறிப் பார்க்கும் சனம். அந்த ஊர் ஊருணியைத் தூர்வாரியபோது கரையில் ஒரு பிள்ளையார் வைப்பதென்று முடிவானது. பிள்ளையாரை எங்கிருந்து கொண்டுவருவது என்பதில் அந்தப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கடையில் வாங்கி வைத்த பிள்ளையாருக்கு வேலை ஓடாது. வேறு ஊரிலிருந்து திருடிக்கொண்டு வந்து வைத்த பிள்ளையார்தான் கேட்டதைக் கொடுப்பார். ஆனால் தூர்வாரிய காண்டிராக்டர் நாகரிகமானவர். புத்தம்புதுப் பிள்ளையார் ஒன்றை வாங்கி, தன் பெயரைப் பீடத்தில் பொறித்து, அன்பளிப்பாக வைத்துவிட்டார். அந்த ஐப்பசியில் சுற்றுவட்டாரம் எல்லாம் மழை பெய்தது. கருங்கண்மாயிலும் பெய்தது. பெய்த தண்ணீர், புது மதகு உடைந்து, பக்கத்து ஊர்க் கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்தது. மதகைக் கட்டியதும் அதே காண்டிராக்டர்தான் என்பதை ஊர் யோசிக்கவில்லை. ரசீது போட்டு வாங்கிய பிள்ளையார், அதனால்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

திருடப் போவது யார் என்ற பேச்சு வந்ததும் ஆண்களுக்கு வேலை வந்துவிட்டது. ஒருவருக்கு வாலிநோக்கம் உப்பளத்தில் லோடு, ஒருவருக்கு மச்சினன் வீட்டில் காதுகுத்து. கூத்தையாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. ஊருணியில் தண்ணீர் இல்லாவிட்டால் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடப்பது ஆண்கள் இல்லை. ஆகவே ராக்கு, "நான் போறேன்" என்றாள். தண்ணீருக்கு நடந்த காலை ஒருநாள் பிள்ளையாருக்கு நடத்தினால் என்ன என்பது அவள் கணக்கு.

உத்தரகோசமங்கை போகிற வழியில் உள்ள செவ்வூருணியில், வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார். முழங்கால் உயரம், நல்ல கனம். செவ்வூருணிக்காரர்கள் அவரைச் சிமெண்டு வைத்துப் பூசவில்லை, மணலில்தான் உட்கார்த்தியிருந்தார்கள். அவரும் அவர்கள் தாத்தன் காலத்தில் வேறெங்கோ இருந்து திருடி வந்தவர். திருட வருகிறவர்களுக்கு வழி விட்டு வைப்பதுதான் முறை. யாருமே திருட வராத பிள்ளையாரை வைத்திருப்பது, பெண் கேட்டு யாரும் வராத வீடு மாதிரி.

ராக்கு மட்டமத்தியானத்தில் போனாள். சோறு தின்றுவிட்டு ஊரே கண்ணயர்ந்த நேரம். பிள்ளையாரைச் சாய்த்து உருட்டி மிளகாய்ச் சாக்குக்குள் இறக்கினாள். மேலே இரண்டு கை வத்தலை அள்ளிப் போட்டாள். ஆட்டோ ஓட்டி வந்த காளிதாஸ், புறப்படும்போதே கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்: "ஓட்டுறது எந் தொழிலு, ஓட்டுறேன். தூக்குறது ஒன் வேண்டுதலு, அதுல நான் கைவைக்க மாட்டேன்க்கா. நாளைக்குக் கோர்ட்டுக் கேஸுன்னா எம் பெர்மிட்டு போயிரும்." சொன்னபடியே ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தே இருந்தான். மூட்டை எப்படியோ ஆட்டோவில் ஏறியது.

இதற்குப் பிறகு நடக்க வேண்டியதற்கும் ஒரு முறை உண்டு. திருடுகொடுத்த ஊர் கூட்டமாக வந்து வாய்வலிக்க வைய வேண்டும். திருடிய ஊர் தலையைக் குனிந்துகொண்டு கேட்க வேண்டும். பிறகு எல்லோரும் ஒரே பந்தியில் பொங்கல் சாப்பிட வேண்டும். திருடிய ஊர் எதுவென்று சேதி வந்ததும் செவ்வூருணிக்காரர்கள் வேனுக்குக்கூடச் சொல்லிவிட்டார்கள். வசவுக்கென்றே பெயர் போன உலகம்மாள், முன் சீட்டில் இடம் கேட்டு வாங்கியிருந்தாள்.

அப்போதுதான் மாரிச்செல்வம் குறுக்கே வந்தார்.

மாரிச்செல்வம் செவ்வூருணியின் பெரிய நிலக்காரர் வீட்டுப் பிள்ளை. சென்னையில் அரசுத் துறை ஒன்றில் இணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்று, ஊருக்கு நாகரிகத்தைக் கற்றுக்கொடுக்கத் திரும்பி வந்தவர். வெள்ளைத் தொப்பி இல்லாமல் வாசல்படி தாண்ட மாட்டார். வழியில் யாருக்காவது உதவி தேவைப்பட்டால் உடனே செய்வார், சாயங்காலத்துக்குள் அது புகைப்படத்துடன் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். கிழவியைச் சாலை தாண்ட வைத்தது, ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தது, பேருந்தில் சன்னலோர இருக்கையை விட்டுக்கொடுத்தது எதுவும் விட்டுப்போகாது. பிள்ளையார் கோயில் கமிட்டிக்குத் தலைவரானதும் முதல் வேலையாக வேப்பமரத்தில் ஒரு கேமராவும், கீழே 'நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்' என்று ஒரு பலகையும் மாட்டினார். பலகை பிள்ளையாரைப் பார்த்தபடி இருந்தது.

"திருட்டு என்பது திருட்டுதான்" என்றார் மாரிச்செல்வம். "இதில் சம்பிரதாயம் என்ன வேண்டிக்கிடக்கிறது? சட்டம் தன் கடமையைச் செய்யும். அனைத்தும் கேமராவில் பதிவாகியிருக்கிறது." வேனை நிறுத்திவிட்டு, பதிவைப் போட்டுப் பார்க்கக்கூட நிற்காமல் நேராகக் காவல் நிலையம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தார்.

உதவி ஆய்வாளர் அருள்முருகன், செய்ததை இல்லை என்பவர்களை நிறையப் பார்த்தவர். செய்யாததை ஆமாம் என்றவர்களையும் அங்கே உட்கார வைத்துப் பார்த்தவர். ராக்கு இரண்டிலும் சேரவில்லை.

"ஏம்மா, வெறும் கல்லுன்னு நெனச்சுத் தெரியாம எடுத்துட்டியா?"

"பிள்ளையாருன்னு தெரிஞ்சுதான்யா எடுத்தேன்."

"அந்த ஊர்க்காரங்க யாராச்சும் எடுத்துக்கச் சொன்னாங்களா?"

"குடுத்தா வாங்கியாருவேனா? திருடுனேன்."

"யாரும் தூண்டிவிட்டாங்களா?"

"எம் மனசுதான்யா தூண்டுச்சு."

அருள்முருகன் பேனாவை மூடி வைத்தார். கோயில் சிலையைத் திருடியதாக எழுதினால் புதுச் சட்டத்தில் ஏழு வருடம் வரை போகும். மிளகாய் பறிக்கிற பொம்பளையை அவ்வளவு தூரம் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. 'வேப்பமரத்தடியில் இருந்த கல் உருவம்' என்று எழுதிச் சாதாரணத் திருட்டாக்கினார்.

"அது திருக்கோயில்" என்றார் மாரிச்செல்வம்.

"செவரு எங்க சார்? கதவு எங்க? எனக்கு மரம்தான் தெரியுது."

பிள்ளையார் வழக்குச் சொத்தாகக் காவல் நிலையத்துக்கு வந்து, பிடிபட்ட மணல் டிராக்டருக்கும் துருப்பிடித்த பைக்குகளுக்கும் நடுவில் உட்கார்ந்தார். மறுநாளே யாரோ அருகம்புல் வைத்தார்கள். ஒரு ஏட்டுக்குக் கேட்ட ஊருக்கு மாறுதல் கிடைத்ததும் மாலை விழுந்தது. வத்தல் நெடி போகாததால் கிட்டப் போய்க் கும்பிட்டவர்கள் எல்லாம் தும்மினார்கள். திருட்டுப் பிள்ளையார் வேலை செய்கிறார் என்பது காவல் துறைக்கே உறுதியானது. நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டிய நாள் ஏனோ தள்ளிக்கொண்டே போனது.

ராக்கு ஜாமீனில் வெளியே வந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். அவளுடைய இக்கட்டு இதுதான். திருட்டு நிரூபணமானால் பிள்ளையார் செவ்வூருணிக்குத் திரும்பிவிடுவார். திருட்டே இல்லை, ஊர் வழக்கப்படி மனமொத்து எடுத்தது என்று வழக்கறிஞர் வாதாடி ஜெயித்தால் பிள்ளையார் கிடைப்பார், ஆனால் காண்டிராக்டர் வாங்கி வைத்தவரைப் போல வெறும் கல்லாகக் கிடைப்பார். ராக்குவுக்குத் திருட்டும் வேண்டும், பிள்ளையாரும் வேண்டும்.

"ஒண்ணத்தான் கேக்க முடியும்" என்றார் ராமசுப்பிரமணியன்.

"அப்ப எதுக்கு வக்கீல்?" என்றாள் ராக்கு.

அவருக்கு ஒரு சின்ன விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. "அந்தக் கல்லு அவ்வளவு கனமாமே. காளிதாஸ் கைவைக்கலங்குறான். ஒம் புருஷனுக்கு முதுகு வலி. தனியாளா எப்பிடி ஆட்டோவுல தூக்கி வச்ச?"

"மனசுதான் எஜமான், கை வெறும் கருவின்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

தன் வாக்கியம் தன்னிடமே திரும்பி வந்ததில் மகிழ்ந்துபோய் வழக்கறிஞர் மேற்கொண்டு கேட்காமல் விட்டுவிட்டார்.

வாய்தா அன்று மாஜிஸ்திரேட் மாலதி வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருக்க, ராமசுப்பிரமணியன் அங்கியைச் சரிசெய்துகொண்டு தொடங்கினார். "கனம் நீதிபதி அவர்களே, குற்றம் கையில் இல்லை, மனத்தில் இருக்கிறது. என் கட்சிக்காரருக்கு நேர்மையற்ற எண்ணம் துளியும்..."

"இருந்துச்சும்மா" என்றாள் ராக்கு, கூண்டிலிருந்து.

"அமைதியா இரும்மா" என்றார் மாஜிஸ்திரேட். "ஒங்க வக்கீல்தான் பேசுறார்."

"அவரு நல்லவருதாம்மா. ஆனா அவரு பேச்ச நம்பாதீங்க. அன்னைக்கு அவரு அங்கன இல்ல. நான் இருந்தேன். அடுத்த ஊரு சாமின்னு தெரியும். கேட்டா தரமாட்டாகன்னு தெரியும். ஆளு அசந்த நேரம் பாத்துத்தான் போனேன்."

அரசு வழக்கறிஞர் தன் குறிப்புகளைப் பார்த்தார். அவர் சொல்ல வேண்டிய அனைத்தையும் எதிரியே சொல்லிவிட்டதால் உட்கார்ந்துகொண்டார்.

மாஜிஸ்திரேட் சிரிப்பைப் பேனா மூடியால் மறைத்தார். "தனியாவா தூக்குனீங்க?"

ராக்கு முதல்முறையாக வாயை மூடிக்கொண்டாள். முன்வரிசையில் மாரிச்செல்வம் இருமினார்.

"கேமரா இருக்குன்னு புகார்ல சொல்லியிருக்கீங்களே. பதிவு எங்க?" என்று மாஜிஸ்திரேட் அவர் பக்கம் திரும்பினார்.

"அது... அந்தக் குறிப்பிட்ட தினத்தில் தொழில்நுட்பக் கோளாறு காரணமாக..."

"எல்லாம் பதிவாகியிருக்குன்னு எழுதியிருக்கீங்க."

"பின்னர் கோளாறு ஏற்பட்டது."

எத்தனையோ வருட வழக்காடலில் ராமசுப்பிரமணியனுக்குச் சட்டம் பல இடங்களில் மறந்திருந்தது. ஆனால் ஒருவர் எதையோ மறைக்கிறார் என்றால் மூக்குக்குத் தெரியும். கேமராவின் பதிவுப் பெட்டியை அப்படியே நீதிமன்றத்தில் ஒப்படைக்க உத்தரவிட வேண்டும் என்று அங்கேயே மனுச் செய்தார். மாஜிஸ்திரேட் அடுத்த வாய்தாவுக்குள் கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த வாய்தாவில் மாரிச்செல்வம் பெட்டியைக் கொண்டுவரவில்லை. சமரச மனுவைக் கொண்டுவந்தார். ஊர் ஒற்றுமை, பெருந்தன்மை, மத நல்லிணக்கம் ஆகியவற்றைக் கருதித் தாம் வழக்கைத் தொடர விரும்பவில்லை என்று அதில் இருந்தது. சாதாரணத் திருட்டு என்பதால் சட்டத்தில் அதற்கு இடமும் இருந்தது.

"அப்ப நான் விடுதலையா?" என்று கேட்டாள் ராக்கு. குரலில் சந்தோஷம் இல்லை.

"ஆமா."

"திருடலன்னு ஆகிருச்சா?"

மாஜிஸ்திரேட் கொஞ்சம் யோசித்தார். "அப்பிடி இல்லம்மா. நீங்க செஞ்சீங்களா இல்லையான்னு நான் எதுவும் சொல்லல. அவர் உங்கள மன்னிச்சிட்டார், அதுனால கேஸ் முடியுது."

ராக்கு இதை மனதுக்குள் உருட்டிப் பார்த்தாள். "மன்னிக்கணும்னா, முன்னாடி திருடியிருக்கணும்ல?"

"அது உங்க இஷ்டம்" என்றார் மாஜிஸ்திரேட்.

"அது போதும்மா."

மாரிச்செல்வம் எழுந்து நின்றார். "மேலும், அந்தச் சிலையை அந்த ஊருக்கே அன்பளிப்பாக வழங்க..."

"அய்யா, அய்யா" என்று பதறிக் கையைக் குறுக்கே நீட்டினாள் ராக்கு. "குடுத்துராதீங்க. குடுத்துட்டா எல்லாம் போச்சு. நீங்க திருப்பிக் கேக்காம இருங்க, அது போதும்."

அப்படியே பதிவானது. சொத்தை எதிரியின், அதாவது ராக்குவின், வசம் விடுவதில் புகார்தாரருக்கு ஆட்சேபணை இல்லை. கொடுத்தார் என்று எங்கும் வார்த்தை இல்லை.

காவல் நிலையத்திலிருந்து பிள்ளையார் கிளம்பிய அன்று, மாறுதலுக்குக் காத்திருந்த இன்னொரு ஏட்டய்யாவின் முகம் வாடியிருந்தது. இன்னொன்று எங்காவது பிடிபடாதா என்று அவர் உதவி ஆய்வாளரிடம் விசாரித்ததாகச் சொல்கிறார்கள்.

ஊருணிக் கரையில் காண்டிராக்டரின் பிள்ளையாரைக் கொஞ்சம் நகர்த்தி, அவர் பக்கத்திலேயே வந்தவரை உட்கார்த்தினார்கள். செவ்வூருணி வேன் வந்து நின்றது. முறைப்படி வைய வேண்டியவர் கமிட்டித் தலைவர். மாரிச்செல்வம் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, மன்னிப்பின் மாண்பைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

"அய்யா, வையுங்க" என்றாள் ராக்கு.

"என்னம்மா?"

"வையணும்யா. நீங்க வஞ்சாத்தான் சாமி எங்களுக்குப் பாத்தியம்."

மாரிச்செல்வம் பணிக்காலம் முழுவதும் மெமோ கொடுத்தே பழகியவர். வாய் திறந்து யாரையும் வைததில்லை. வெகுநேரம் தேடி, "இது மிகவும் வருந்தத்தக்க செயல்" என்றார்.

"ஏலே, தள்ளுலே அங்கிட்டு" என்று உலகம்மாள் அவரை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். அவள் சித்தி முறை, சொல்லலாம். இடுப்பில் கையை வைத்தாள். கருங்கண்மாய்க்காரர்களின் பிறப்பு, வளர்ப்பு, சமையல், ஆண்களின் முதுகு எல்லாவற்றையும் வரிசையாகத் தொட்டு, மூச்சு விடாமல் வைதாள். கூத்தையாவுக்கு முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது. ராக்கு தலையைக் குனிந்து, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் தெளிந்தது. உலகம்மாள் களைத்துப்போய்த் தண்ணீர் கேட்டபோது ராக்குதான் ஓடிப்போய்ச் செம்பைக் கொண்டுவந்தாள்.

பந்தியில் ராமசுப்பிரமணியன் பொங்கலைப் பிசைந்துகொண்டே, "கேஸ் முடிஞ்சிருச்சு ராக்கு. இப்பவாவது சொல்லு. அந்தக் கல்ல யாரு தூக்கிவிட்டது?" என்றார்.

"கல்ல யாரும் தூக்கிவிடல சார். ஒருத்தர் வத்தல் மூட்டையத்தான் தூக்கிவிட்டாரு. பிள்ளையார நான்தான் திருடுனேன்."

"யாரு அந்த ஆளு?"

"விடுங்க சார். அவருக்கு அந்த மனசு இல்ல" என்று சொல்லிவிட்டு, எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த மாரிச்செல்வத்தின் இலையில் இன்னொரு கரண்டி பொங்கல் வைக்கப் போனாள்.

கேமராவில் எந்தக் கோளாறும் இல்லை. வேப்பமரத்தடியில் ஒரு பெண் மூட்டையைத் தூக்க முடியாமல் நிற்கிறாள். வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் வந்து, படம் எடுக்க யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்து, ஒருவரும் இல்லாமல், ஒரு பக்கம் பிடித்து, மூட்டையை ஆட்டோவில் ஏற்றி, தும்மிவிட்டு, சாக்கின் வாய் தளர்ந்திருப்பதைப் பார்த்து அதை இறுக்கிக் கட்டிக்கொடுக்கிறார்.